கீபோர்டில் அட்சதை

கொஞ்ச நாளாக என் லேப்டாப்பில் ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் நறுக்கென்று ஒரு சத்தம். உள்ளே அரிசி இருக்கிறது. மஞ்சள் தடவிய அரிசி. சர்வீஸ் கடைக்காரர் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார், வரவில்லை. "வூட்ல எலி ஏதாச்சும் கீதுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, கல்யாணம் என்றேன். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை.

உங்களிடம் விவரமாகவே சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் லேப்டாப்பைத் தெரியும். பழையது. பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். அதில் ஓடுவது லினக்ஸ் – ஊர் கூடி எழுதி, ஊருக்கே விட்டுவிட்ட சிஸ்டம். அதன் அருமை பெருமைகளை நான் பேச ஆரம்பித்தால் என் கணவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

என் முகத்தில் எந்த உணர்ச்சியும் வராது என்று சொல்லிக்கொண்டிருப்பவரும் அவர்தான். எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டும் போட்டோவில், நான் ரேஷன் கடை க்யூவில் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேனாம். சரி... அது இப்போது வேண்டாம்.

விஷயம் குப்பம்மா அக்கா. புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வருடா வருடம் மலையிலிருந்து இறங்கி, திருப்பத்தூரில் எங்கள் வீட்டுக்குச் சாமையும் புளியும் கொண்டுவருபவர். இந்த வருடம் கூடவே மகள் சத்யாவின் கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்தார். அவசியம் வரணும் என்று சொல்லிவிட்டுப் போனவர், கொல்லை வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். வேலூரில் ஆபரேஷன். எழுந்து உட்காரவே நாளாகும் என்றுவிட்டார்கள்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். படுத்தபடியே மறுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"பொண்ணு கழுத்துல தாலி ஏர்றத நான் பாக்கணும். எப்டி காட்டுவீங்களோ காட்டுங்க."

அக்காவின் தம்பி வேடியப்பன், அதாவது பெண்ணுக்குத் தாய்மாமன், இந்த நிபந்தனையை அப்படியே கொண்டுவந்து என் வீட்டில் இறக்கி வைத்தார். "நீங்கதான் கம்பீட்டர பத்தி புக்ல எய்தறீங்களே மேடம்" என்றார். எழுதுவது வேறு, செய்வது வேறு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரெண்டு வாய் காப்பி குடித்துவிட்டு, "பார்த்துக்கலாம்" என்றேன்.

ஃபோனில் வீடியோ கால் போட்டால் போச்சு, இதற்கு ஏன் லேப்டாப் என்கிறீர்களா? அந்த ஊரில் ஃபோன் என்பது டார்ச் லைட். சிக்னல் கிடையாது. கோயிலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் இன்டர்நெட் ஒயர் வருகிறது. வைஃபை இல்லை, வெறும் ஒயர். கடையிலிருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கவே மூச்சு வாங்கும்.

ஆகவே என் திட்டம் இது. லேப்டாப்பைக் கடையில் அந்த ஒயரோடு இணைப்பது. கல்யாணத்தைப் படம் பிடிக்க வரும் பாபுவின் கேமராவிலிருந்து தெருவைத் தாண்டிக் கடைவரை ஒரு நீள ஒயர் இழுப்பது. அந்த ஒயரையும் லேப்டாப்பையும் சேர்த்து வைக்க, விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி. கேமரா பார்ப்பதை லேப்டாப் பார்க்கும். லேப்டாப் பார்ப்பதை வேலூரில் அக்கா பார்ப்பார். முன்தினம் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். சுவரில் ஓடிய பல்லி வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது.

கல்யாண நாள். காலையிலேயே போய்விட்டேன். கடைக்காரர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றப் போனார். ஜன்னலோரம் மேஜை. ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் கோயில், பந்தல். லேப்டாப்பைத் திறந்து இன்டர்நெட் ஒயரை மாட்டினேன். நல்ல காரியம் நடக்கப்போகிறதே, சுத்தபத்தமாக இருக்கட்டும் என்று சிஸ்டத்தை ஒரு அப்டேட் செய்தேன். பிறகு கருவியைச் செருகினேன். அதில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

கழற்றி மாட்டினேன். வேறு துளையில் மாட்டினேன். ஊதி மாட்டினேன். கறுப்புத் திரையைத் திறந்து கமாண்ட் அடித்தேன். கருவி செருகியிருப்பது சிஸ்டத்துக்குத் தெரிகிறது, பெயர்கூடச் சொல்கிறது. ஆனால் அதை வேலை வாங்குகிற டிரைவர் என்ற குட்டி மென்பொருளைக் கூப்பிட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறது. நேற்று இருந்தவர் இன்று எங்கே போனார்? கூப்பிட்டேன், திட்டினேன், மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

பக்கத்தில் வேடியப்பன் பட்டு வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் வியர்வை.

"இன்னா மேடம், படம் வர்லியா?"

"டிரைவர் இல்லைங்க. அதான் பிரச்னை."

"அவ்ளோதானா? மொதல்லயே சொல்றதில்ல" என்று வெளியே போனார். அந்த நிம்மதி எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. நான் கமாண்ட் அடிப்பதைத் தொடர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஜீப் ஹாரன். வேடியப்பன் ஒருவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். பெயர் சம்பத்.

"எங்க போணும் மேடம்?" என்றார் சம்பத்.

"எங்கேயும் இல்லையே."

"நீங்கதான டிரைவர் இல்லனீங்க?" என்றார் வேடியப்பன். "மாப்ள வூட்டு ஆளுங்கள இட்டார போய்னு இருந்தவர நடு ரோட்ல மறிச்சி இஸ்துகினு வந்தேன்."

இது வேறு டிரைவர் என்று விளக்கினேன். கருவியை ஓட்டுகிற டிரைவர். சம்பத் குனிந்து கருவியைப் பார்த்தார். அதற்குள் ஆள் உட்காரும் இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"இதுக்கு லைசென்ஸ் உண்டுங்களா?"

"உண்டு. ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ். யார் வேணாலும் எடுத்து ஓட்டலாம், மாத்தலாம்."

"அதான் ஓடல" என்றார் சம்பத்.

மாப்பிள்ளை வீட்டார் பாதி வழியில் எங்கேயோ நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. சம்பத் ஓடினார். வேடியப்பன் ஓடவில்லை. என் பக்கத்திலேயே நின்று மெதுவாகச் சொன்னார்:

"எங்கக்காக்கு வேற ஆச இல்ல மேடம். கட்டினவரு போன அப்பறம் தனியாளா இந்த பொண்ண வளத்துச்சு. இதயும் பாக்கலன்னா ரொம்ப பேஜாரா பூடும்."

எனக்கும் பதற்றம்தான். முகத்தில் தெரிந்திருக்காது.

அப்போது கரண்ட் போனது. லேப்டாப் உடனே கண்ணை மூடியது. இன்டர்நெட் பெட்டியின் விளக்குகளும் அணைந்தன. வேடியப்பன் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பந்தலில் நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. லேப்டாப் முதலிலிருந்து எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒருவழியாக வந்து நின்றது. கேமரா விண்டோவைத் திறந்தேன்... பந்தல். வாழைமரம். மணவறை. மணவறையில் ஏறி விளையாடும் ஒரு வாண்டு. எல்லாம் கலரில்.

நடந்தது இதுதான். நான் செய்த அப்டேட் பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புது டிரைவரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. புதியவர் வண்டியில் ஏற வேண்டுமானால் வண்டியை ஒருமுறை நிறுத்தி எடுக்க வேண்டும். மற்ற சிஸ்டம்காரர்கள்தான் எதற்கெடுத்தாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள், எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது என்று இதே பக்கத்தில் எழுதியவள் நான். நான் கௌரவம் பார்த்துச் செய்யாததை மலைக்கரண்ட் செய்துவிட்டது.

"டிரைவர் வந்துட்டாரா?" என்றார் வேடியப்பன்.

"வந்துட்டார்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையில் ஒரு பிடி அட்சதையைத் திணித்தார். "நீங்க இங்கியே இருக்கணுமே. இங்கேந்தே போடுங்க." பெண்ணை மணவறைக்கு அழைத்துவரப் போனார்.

வேலூருக்கு வீடியோ கால் போட்டேன். கேமரா லிஸ்ட்டில் கேப்சர் கருவியைத் தேர்ந்தெடுத்தேன். அக்காவுக்குத் துணையாக இருந்த வேடியப்பனின் மகள் மீனா எடுத்தாள். கட்டிலில் குப்பம்மா அக்கா. ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேலே பட்டுப் புடவையைப் போர்வையாகப் போர்த்தியிருந்தார்கள். தலையில் பூ. திரையின் மூலையில் சின்னதாக என் முகம். வீடியோ கால் என்றால் மூலையில் நம் முகம் தெரிவது வழக்கம்தானே? மேளச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து திரும்பிவந்து ஊளையிட்டதால் ஸ்பீக்கரை மட்டும் அணைத்தேன். கேமரா விண்டோவைப் பெரிதாக்கி முன்னால் வைத்துக்கொண்டேன். பாபு சரியாகப் பிடிக்கிறானா என்று நான் மேற்பார்வை பார்க்க வேண்டாமா?

சத்யா வந்தாள். அரக்குப் புடவை. நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். பெண்கள் அந்த நேரத்தில் குனிந்துகொள்வார்கள், இவள் குனியவில்லை. அம்மா உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். கெட்டிமேளம். மாப்பிள்ளை முதல் முடிச்சுக்கே தடுமாறினார். முடிச்சு விழுந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்று, கையிலிருந்த அட்சதையை லேப்டாப் மீதே போட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும், அக்காவுக்குக் குங்குமமும் பந்திச் சாப்பாடும் கொடுத்துவிட ஆள் தேடினார்கள். "டிரைவர் சும்மாதான் கீறாரு, நீங்களே போய்ட்டு வாங்களேன்" என்றார் வேடியப்பன். சம்பத்தின் ஜீப்பில் மலையிறங்கி வேலூர் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடியப்போகிற சமயம். ஜெயித்துவிட்டு வருகிறவளைப்போல வார்டுக்குள் நுழைந்தேன்.

"நல்லா பாத்தீங்களா அக்கா?"

"நல்லா பாத்தேன்மா" என்றார். "உங்க மூஞ்சிய."

மீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆரம்பத்துலேந்து கட்சீ வரிக்கும் நீங்கதான் மேடம் தெரிஞ்சீங்க. நாங்க இங்கேந்து கத்தறோம், கைய ஆட்றோம். நீங்க காதுலயே வாங்கல."

யோசித்தபோது புரிந்தது. ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு விண்டோதான் பிடித்துக்கொள்ள முடியும். மேற்பார்வைக்கென்று நான் திறந்து வைத்திருந்த விண்டோ அதைப் பிடித்து வைத்திருந்தது. வீடியோ கால் கேட்டுப் பார்த்திருக்கிறது, கிடைக்கவில்லை. சத்தம் காட்டாமல் லேப்டாப்பின் சொந்தக் கேமராவை எடுத்துக்கொண்டது. அது எதிரே உட்கார்ந்திருந்த என்னை வேலூருக்கு அனுப்பியிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் பெற்றவள் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். பாபு எடுத்த படம் பென்டிரைவில் வந்துவிடும் என்றேன். அவமானமாக இருந்தது. அதைவிட, துக்கமாக இருந்தது. அக்கா மேலே போர்த்தியிருந்த பட்டுப் புடவையின் சுருக்கத்தை நீவினார். அவருக்கும் வருத்தம்தான், இல்லையென்று நான் எழுத மாட்டேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொடவ இன்னா கலரு கட்டினா?"

அரக்கு என்றேன். தல நிமிந்து இருந்தாளா என்றார். இருந்தாள் என்றேன். மாப்பிள்ளை முடிச்சுக்குத் தடுமாறியதை, தாய்மாமன் மூக்கை உறிஞ்சியதை, வாண்டு மணவறையில் ஏறியதை – ஒன்று விடாமல் சொன்னேன். வாட்ச்மேன் வந்து விரட்டும்வரை சொன்னேன். குங்குமத்தைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தேன்.

"வுடுங்கம்மா" என்றார் அக்கா. "மேளம் நல்லா கேட்டுச்சு. உங்க மூஞ்சியவே பாத்துனு இருந்தேன். பொண்ணு வந்தது, ஒக்காந்தது, எல்லாம் உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சு. கண்ணு கலங்கிச்சு பாருங்க, அப்பவே தாலி ஏறிடுச்சுன்னு மீனாகிட்ட சொல்லிட்டேன். அப்பறம் அட்சதய நேரா எம்மேலயே போட்டீங்க."

மீனா அந்த நொடியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். என் கணவருக்கும் அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணெல்லாம் கலங்கியிருக்கே... நீயா இது?"

"மலையில நெட் அவ்வளவுதான்" என்றேன். "படம் கொஞ்சம் கலங்கலாத்தான் வரும்."