முதலை இருந்த இடத்தில் அமெரிக்கா

திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கு சீரியல் பல்பு செட் போடுகிற வேதாச்சலத்துக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பீடிகூடக் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ஏவுகணை.

சத்தியவேடு பக்கத்துக் கிராமத்துக்காரன். அப்பா கங்கையாவுக்குக் கையகல நிலம்கூடச் சொந்தமில்லை. வருஷம் முழுக்கக் கூலிதான். தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் கேபிள் டீவி வந்தபோது கம்பி இழுக்க ஆள் தேடினார்கள். வேதாச்சலம் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பத்தில் ஏறினான். கம்பம் கம்பமாக ஏறி இறங்கி, கடைசியில் திருப்பதிக்கே வந்து சேர்ந்துவிட்டான். கேபிள் வேலை படுத்த பிறகு சவுக்குக் கழியில் தட்டி கட்டி, பல்பு கோர்த்து, சாமி படம் ஓடவிடுகிற தொழிலுக்கு மாறினான்.

ஏவுகணைப் பைத்தியம் கேபிள் காலத்தில் பிடித்தது. எந்த வீட்டு டீவியில் படம் தெரிகிறதா என்று பார்க்கப் போனாலும் ‘உலகத்திலேயே பலமான ஏவுகணைகள்’ என்று ஏதாவது ஒரு சேனலில் ஓடும். வேலையை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். ரஷ்யாக்காரனிடம் இருக்கிறதே, வெள்ளைக்காரன் சாத்தான் என்று பேர் வைத்த ஏவுகணை, அது எவ்வளவு தூரம் போகும், எத்தனை குண்டு சுமக்கும், அமெரிக்காக்காரனுடையது எந்தப் பாதாளத்திலிருந்து கிளம்பும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். யாராவது சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், “இதெல்லாம் ஒரு தூரமா?” என்பான். இப்படிப்பட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

கொடுக்க ஆள் இருந்தது. அதாவது, பெண் தயாராகத்தான் இருந்தாள். அதே தெருவில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த இந்திராணிக்கு அவனைப் பிடிக்கும். அவன் ஏவுகணைப் பேச்சை எடுத்தால், “போதும்யா, எறங்கு” என்பாள். அவனும் இறங்கிவிடுவான். உலகத்தில் வேறு யார் சொல்லியும் அவன் இறங்கியதில்லை.

நடுவில் நின்றது இந்திராணியின் அம்மா சந்திரம்மா. அவளுக்கு மகன் பரணி என்றால் உயிர். கடை வருமானத்தில் அக்கா படிக்கவைத்த தம்பி அவன். கம்ப்யூட்டர் படித்து ஹைதராபாத் போய், அங்கிருந்து சிகாகோ போனவன் போனவன்தான். அக்கா கல்யாணத்தை முன்னால் நின்று நடத்த அவன் வரவேண்டும். “விசா பேப்பர் நடந்துக்கினு இருக்கும்மா, இப்ப வந்தா திரும்பிப் போக முடியாது. அடுத்த வருஷம்” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான். சந்திரம்மாவும் தெருவெல்லாம் “பரணி வரட்டும்” என்பாள். இந்திராணிக்கு முன்நெற்றி முடியில் நரை எட்டிப் பார்த்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் 2012 ஏப்ரலில் அக்னி-5 ஏவினார்கள். வேதாச்சலத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர்! தன் வீட்டில் பிள்ளை பிறந்ததுபோலத் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். மே மாத ஜாத்திரைக்கு இந்த வருஷம் சாமி படம் இல்லை, உலகப் படத்தில் நம் ஏவுகணை பறக்கும் என்று விழாக் கமிட்டிக்காரர்களிடம் வாக்கும் கொடுத்துவிட்டான்.

வாக்கு பெரியது, நாள் குறைவு. புதிதாக ஒயரிங் செய்ய நேரமில்லை. அவனிடம் கஜேந்திர மோட்சம் தட்டி ஒன்று தயாராக இருந்தது. வலது பக்கம் பெருமாள். அவர் கையிலிருந்து சக்கரம் கிளம்பி, பல்பு பல்பாக ஓடி, இடது ஓரத்தில் யானையின் காலைப் பிடித்திருக்கும் முதலையின் கழுத்தில் பாயும். உடனே சிவப்பு பல்பெல்லாம் குபீரென்று எரியும். ஜனங்கள் கோவிந்தா போடுவார்கள். வேதாச்சலம் பெருமாளையும் யானையையும் முதலையையும் கழற்றிவிட்டு, அதே ஒயரிங்கின் மேல் உலகப் படத்தை மாட்டினான். சக்கரத்தின் இடத்தில் ஏவுகணை. ஓட்டம் மட்டும் பழைய ஓட்டம்தான்.

முதல் நாள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டான். இந்தியாவிலிருந்து ஏவுகணை கிளம்பியது. ஜனங்கள் விசிலடித்தார்கள். அரபிக் கடலைத் தாண்டியது. ஆப்பிரிக்காவைத் தாண்டியது. அப்போதுதான் வேதாச்சலத்துக்குச் சுருக்கென்றது. அட்லாண்டிக்கையும் தாண்டிப் போய் இடது ஓரத்தில், முதலை இருந்த இடத்தில், அமெரிக்காவின் தலையில் இறங்கியது. சிவப்பு பல்பெல்லாம் குபீர்.

“அமெரிக்கா காலிப்போயிந்திரா!” என்று ஒருவன் தெலுங்கில் கத்தினான். அமெரிக்கா எரிந்துபோனதில் கூட்டத்துக்கு ஒரே குஷி. ஆனால் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது அடுத்த நொடி எல்லோருக்கும் நினைவு வந்தது. ஏவுகணை மறுபடி கிளம்பியது. வேதாச்சலம் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் நியூ ஜெர்சியும் டெக்சாஸும் சிகாகோவும் இன்னொரு முறை எரிந்தன.

சந்திரம்மா முன்வரிசையில் நின்றிருந்தாள். வேதாச்சலம் கையைப் பிசைந்துகொண்டு அவளிடம் போனான். மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இவனோ விளக்கம் சொன்னான்.

“பயப்படாதீங்க அத்தே. சிகாகோ பதிமூணாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரு. நம்ம அக்னி அஞ்சாயிரம்தான். பாதி வழிகூடப் போவாது.”

“அப்ப அந்த ரஷ்யாக்காரன் வெச்சினுக்கீறானே, அது போவுமா?”

பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் அவனுக்கு எப்போதோ கல்யாணமாகியிருக்கும்.

“அது தாராளமா போவும் அத்தே” என்றான்.

சந்திரம்மா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்திராணி தலையில் அடித்துக்கொண்டாள். வேதாச்சலம் விடிய விடிய உட்கார்ந்து ஒயரை மாற்றி ஏவுகணையை இந்தியப் பெருங்கடலில் இறக்கினான். கடலில் விழுந்த ஏவுகணைக்கு யாரும் விசிலடிக்கவில்லை. அவனுக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தான், வாய்விட்டு அழவும் செய்தான்.

ஜாத்திரையில் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வேஷம். உடம்பெல்லாம் கரி பூசி வேப்பிலை கட்டுகிற நாளில் தெருப் பையன்கள் வேதாச்சலத்தையும் பிடித்துப் பூசிவிட்டார்கள். வேஷம் போட்டவன் வீடு வீடாகப் போய் வாய்க்கு வந்தபடி திட்டலாம். எவ்வளவு அசிங்கமாகத் திட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அம்மனுக்கு அதுதான் பிரியம். சந்திரம்மா வீட்டு வாசல் வந்ததும் மற்றவர்கள் அவனை முன்னே தள்ளிவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

கதவு திறந்தது.

“திட்டுடா” என்றாள் சந்திரம்மா.

அவன் திட்டவில்லை.

“வாயி இல்ல? சரி, நானே திட்டறேன்.” ஆரம்பித்தாள் பாருங்கள்! அவனை, அவன் பல்புகளை, அவனுக்கு டீவி காட்டினவனை, ரஷ்யாக்காரனை, ஒருவரையும் விடவில்லை. தமிழ் தீர்ந்ததும் தெலுங்கில் திட்டினாள். எதிர்வீட்டுக்காரர்கள் ரசித்துக் கேட்டார்கள். திட்டிக்கொண்டே போனவள் திடீரென்று வேறு பக்கம் திரும்பினாள்.

“பல்புல செஞ்ச கணை! அது இங்கேர்ந்து கெளம்பி அங்க போயிச் சேந்துச்சி. அங்கேர்ந்து ஒருத்தன் இங்க வரமாட்றானே, பாவி! ஆறு வருசமா வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினு கீறான். அக்கா காசுல துன்னவன்தானே? அவன் வருவான் வருவான்னு இவளக் கெழவியாக்கினேனே, நான் இன்னா பொம்பள!”

மகனைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு குறையும் அதுவரை வந்ததில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேதாச்சலத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாத்துக்குடா நிக்கிற? கேக்க வேண்டியத கேளு.”

“இந்திராணிய எனக்குக் குடுங்க அத்தே.”

“யம்மா” என்று வீட்டை ஒட்டிய கடைக்குள்ளிருந்து இந்திராணியின் குரல் வந்தது. “மொதல்ல அந்த ஆள மூஞ்சியக் கழுவச் சொல்லு. ஆளு மாறிப் பூடப் போவுது.”

சந்திரம்மா சிரிக்கவில்லை. கடைக்குள் போய் மகளின் செல்போனை வாங்கிச் சிகாகோவுக்கு அடித்தாள். பரணி பதறிக்கொண்டு எடுத்தான்.

“ஆவணில உங்க அக்காவுக்குக் கல்யாணம். வந்தா வா.”

“இன்னாம்மா திடீர்னு? ஒரு வருசம் பொறுக்கக் கூடாதா?”

“எந்த வருசம்டா?” என்று கேட்டாள் சந்திரம்மா.

பதிலுக்குக் காத்திராமல் போனை இந்திராணி கையில் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை கால் கழுவத் தண்ணீர் மொள்ளப் போனாள்.