சந்தனம் காய்ந்த கன்னம்

வயிற்றைப் பார்க்க வந்தவள் வாயை எதற்குத் திறக்கச் சொல்கிறாள் என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மதுரையில் பிரசவ நர்ஸ். சுற்றுப்பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பேன். எனக்குப் பொறுமை குறைச்சல், நாக்கு நீளம்.

விளாங்குடியில் ஒரு வீட்டு மருமகளுக்கு ஒன்பதாம் மாதம், தலைச்சன் பிள்ளை. குழந்தையின் துடிப்பைக் கேட்கக் குனிந்தேன். அவள் மூச்சில் அழுகல் வாடை அடித்தது. அந்த அறையில் பகலிலும் இருட்டு. மாமியாரிடம் விளக்கு கேட்டேன்.

"வயித்தப் பாக்க விளக்கு எதுக்கு நர்சம்மா?"

மருமகளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து பார்த்தேன். வலது கடைவாய்ப் பல் கறுத்துக் குழிந்திருந்தது. கிராம்பை வைத்து அடைத்திருந்தார்கள், சுற்றிலும் சீழ். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், பிடுங்கிவிடலாம் என்றேன்.

"பிள்ளத்தாச்சி உடம்புல இரும்பு படக் கூடாது. பெத்து எந்திரிக்கட்டும். வெள்ளிக்கிழம வளகாப்பு, நீங்களும் வந்துருங்க."

சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிர் தங்காது என்று கத்தினேன். நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டில் இப்படியா வாயை வைப்பது என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொல்லாதவர் இல்லை. மருமகளுக்குத் தன் கையால் சோறு ஊட்டுகிறவர். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் போனபோது அவளை மனையில் உட்கார வைத்து, பெண்கள் மாறி மாறிச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"கன்னம் எம்புட்டுப் பூரிச்சுக் கெடக்கு! ஆம்பளப் பிள்ளதான்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்து, வீங்கிய அந்தக் கன்னத்திலேயே இன்னும் அப்பினார்கள்.

இடது கன்னத்துச் சந்தனம் ஈரமாக இருந்தது. வலது கன்னத்தில் பூசியது பூசியபடியே காய்ந்து உதிர்ந்தது. தொட்டால் கொதித்தது. தாடைக்குக் கீழே கழுத்து பலகையாக இறுகியிருந்தது. ஊட்டிய சோறு உள்ளே இறங்காமல் மடியில் விழுந்தது. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை.

யாரையும் கேட்காமல் அவளை வண்டியில் ஏற்றினேன். மாமியாரும் ஏறிக்கொண்டார். மூச்சுக்குத் தவித்து அவள் வண்டிப் பலகையைக் கையால் அடிக்க அடிக்க, காலையில் போட்ட கண்ணாடி வளையல்கள் நொறுங்கின.

"வளவி ஒடையக் கூடாதும்மா, ஒடையக் கூடாது" என்று மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது கை ஓய்ந்திருந்தது. பிள்ளையும் பிழைக்கவில்லை.

சில வருஷம் கழித்து அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது, இளைய மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று. அந்தப் படியேற எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். பையைக் கீழே வைப்பதற்குள் மாமியார் விளக்கை ஏற்றி எடுத்து வந்தார்.

"வாயத் தொற தாயி" என்றார் மருமகளிடம்.

பார்த்தேன். எல்லாப் பல்லும் நன்றாக இருந்தன. அதைச் சொன்னேன். மாமியார் விளக்கைத் தாழ்த்தவில்லை.

"இன்னொருக்கா பாருங்க நர்சம்மா" என்றார்.