முகாமின் பங்கு வாய்க்கால்

என் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மண்வெட்டி சாத்தியிருக்கிறது. பிடியில் ஒரு காலத்தில் பச்சை வர்ணமும் வெள்ளையில் ஓர் எண்ணும் இருந்தன. இப்போது எண்ணில் ஓர் ஏழு மட்டும் தெரிகிறது. அது அரச சொத்து. அதை வைத்திருக்க எனக்கு அதிகாரமில்லை, பொறுப்பேற்கவும் யாருமில்லை. காணிக் கந்தோரில் நிலப் பதிவுகளை எழுதி ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில், இந்த நிலைமைக்குப் பொருந்தும் படிவம் எதுவும் இல்லை என்று என்னால் உறுதிப்படுத்த முடியும்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களின் மேற்கு ஓரத்தில், காடு தொடங்கும் இடத்தில், யுத்த காலத்தில் ஒரு படைமுகாம் எழுந்தது. சுற்றிவர மண் அணை, மணல் மூட்டைகள், நாலு மூலையிலும் காவலரண். ஊரில் அதைக் கோட்டை என்றார்கள். பட்டணத்தில் ஒல்லாந்தர் கோட்டை இன்னும் நிற்கிறது. இது நின்றது மூன்று சிறுபோகம், அதாவது மூன்று கோடை விளைச்சல். அதன் சரித்திரத்தை யாரும் எழுதவில்லை. கந்தோர்க் கோப்பில் அந்தத் துண்டு நிலம், நடுவில் கொடி பறந்த காலம் முழுவதும், 'வயல்' என்றே இருந்தது. அப்படி எழுதியவன் நான்தான்.

அணை கட்டியபோது வாய்க்காலில் அறுபது முழம் தூர்ந்துபோனது. அதற்குக் கீழே நாற்பது குடும்பங்களின் வயல். மழையில்லாத போகத்தில் அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. விதைப்புக்கு மூன்று கிழமை இருந்தபோது வட்டை விதானையார் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வட்டைக்கு, அதாவது ஒரே வாய்க்காலில் பாயும் வயல்வெளிக்கு, தண்ணீர் பங்கிட வயல்காரர் கூடித் தெரிந்தெடுக்கும் மனிதர் அவர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு கணக்குக் கொப்பி. நான் முறையை விளக்கினேன்: பிரதேச செயலாளருக்கு மனு, அவர் மூலம் மாவட்டத்துக்கு, அங்கிருந்து உரிய தலைமையகத்துக்கு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயாட கடிதம் போய்ச் சேரக்குள்ள எங்கட பயிர் வைக்கோலாப் போயிரும்." பிறகு கொப்பியை விரித்தார். "எனக்கு மனு வேணாம். எல்லாருக்கும் குடுக்கிற துண்டுதான் அவங்களுக்கும் குடுக்கப் போறன். சிங்களத்தில எழுதித் தாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. விதைப்புக்கு முன், வட்டைக்குள் காணி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தன் காணியை ஒட்டிய வாய்க்காலைத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டும். பெருநிலக்காரப் போடியாரானாலும் குத்தகைக்காரரானாலும் அறிவித்தல் துண்டு ஒன்றுதான். முகாமும் வட்டைக்குள் இருந்தது. ஆகவே முகாமுக்கும் பங்கு. இதைவிட ஆபத்தான தர்க்கத்தை நான் என் சேவைக்காலத்தில் கேட்டதில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முகாமின் கப்டன் துண்டை இரண்டு தடவை வாசித்தார். கொஞ்சம் தமிழ் பேசுவார். "எங்களுக்கும் பங்கா?" என்று கேட்டார்.

"வட்டைக்குள்ள இருந்தாப் பங்குதான் சேர். அம்மன் கோயில் காணிக்கும் இரிக்கி. அவவுக்கே நாங்க சலுகை குடுக்கிறல்ல."

"வெட்டாட்டி?"

நான் நிலத்தைப் பார்த்தேன். விதானையார் கப்டனைப் பார்த்தார். "வெட்டாட்டிக் கூட்டத்தில பேர் வாசிப்பம்."

கப்டன் துண்டை மேசையில் வைத்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம், தன் ஊரிலும் அப்படித்தான் என்றும், ஒருமுறை தன் அப்பாவின் பெயரை வாசித்தார்கள் என்றும், அவர் ஒரு கிழமை தேத்தண்ணிக் கடைப் பக்கம் போகவில்லை என்றும் சொன்னார். துண்டின் பிரதியில் கையெழுத்திட்டார்.

இரண்டு நாளில் எட்டுப் பேர் இறங்கி வெட்டினார்கள். முடிந்தது என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் கயிறு பிடித்தது போன்ற நேர்கோட்டில், நெஞ்சளவு ஆழத்தில் ஒரு பதுங்குகுழி. அவர்களுக்குத் தெரிந்த வெட்டு அதுதான். தண்ணீர் விட்டால் அங்கேயே குளமாக நிற்கும். விதானையார் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். "மக்காள், இது ஒளிச்சு நிக்கிறதுக்கில்ல, தண்ணி போறதுக்கு" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை, அவர்களே சிரித்தார்கள். அன்று பின்னேரம்வரை எட்டுப் பேரும் அவருமாக அரைவாசியை மூடிச் சரிவு எடுத்தார்கள். நாலாம் நாள் கடைசி வயலுக்குத் தண்ணீர் போனது. கொப்பியில் அவர் எழுதினார்: 'காம்ப், அறுபது முழம், முடிந்தது.' அந்தக் கோட்டைக்கு நானறிந்த ஒரே எழுத்துச் சான்று அதுதான். கந்தோர்க் கோப்பைவிட நேர்மையானது.

மூன்றாம் போகம் முடிந்து ஒரு காலையில் அவர்கள் வெளிக்கிட்டுப் போனார்கள். வாய்க்கால் கரையில் இந்த மண்வெட்டி கிடந்தது. பதிவு செய்யச் சொல்லி விதானையார் என்னிடம் கொண்டுவந்தார். முடியாது என்றேன். முகாம் நின்ற காணிக்கு உரியவர்கள், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள், திரும்பி வரவேயில்லை. ஆளில்லாத அந்த அறுபது முழத்தையும் அதன் பிறகு ஒவ்வொரு போகமும் இதே மண்வெட்டியால் அவரே வெட்டினார். அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பிடி நிலமும் இல்லை. போன வருடம் படுக்கையில் விழுந்தபோது அதை எனக்கு அனுப்பி வைத்தார். "கெவர்மெண்ட் சாமான், கந்தோர்க்காரர்தான் பொறுப்பு" என்று செய்தி. அவருடைய செத்தவீட்டுக்குப் போனேன்; மண்வெட்டி என் கிணற்றடியிலேயே இருந்தது.

போன கிழமை இப்போதைய விதானை மோட்டார் சைக்கிளில் வந்தார். இளைஞர். ஒரு துண்டை நீட்டினார். என் பெயர், அறுபது முழம்.

"எனக்கு அங்க காணி இல்லையே தம்பி."

"மண்வெட்டி உங்களிட்டயாமே சேர். பெரியவர் கொப்பியில எழுதி வைச்சிரிக்கார்."

ஆட்சேபனை தெரிவிக்க எனக்கு மூன்று வழிகள் தெரியும். மூன்றுக்கும் கால அவகாசம் உண்டு. "வெட்டாட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"கூட்டத்தில பேர் வாசிப்பம்."

பிரதியில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கிணற்றடிக்குப் போய் மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பிடி கொஞ்சம் ஆடுகிறது. ஓர் ஆப்பு வைத்தால் இந்தப் போகத்துக்குத் தாங்கும்.