பெண் பார்க்கும் நாளில் புகைந்த குப்பை வண்டி

நங்கையா காப்பித் தட்டை நீட்டிய நேரத்தில்தான் வாசலில் நின்ற எங்கள் குப்பை வண்டி புகைய ஆரம்பித்தது. முதலில் பார்த்தது நான். பார்த்தும் வாய் திறக்கவில்லை. அந்தப் புகைக்குக் காரணம் நான்தான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

நங்கையா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். என் மாமனார் போன பிறகு பெருமாட்டியில் அந்தக் குப்பைத் தொழிலை நடத்தியவர் அவர்தான். இரண்டு வண்டி, நான்கு மாடு. சந்தையில் விழும் காய்கறிக் கழிவு, சாப்பாட்டுக் கடைகளின் எச்சில் இலை, அரிசி மில்லின் உமிச் சாம்பல், மாட்டுச் சந்தைச் சாணி எல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்து சேரும். அன்றன்று வந்தது பச்சை. குவித்து உள்ளே வெந்துகொண்டிருப்பது சூடு. வெந்து கறுத்து ஆறினால்தான் அதற்கு எரு என்று பெயர். மூங்கில் தட்டி மட்டத்துக்கு ஏறி மிதித்து நிரப்பினால்தான் அது ஒரு வண்டி. கோபுரம் மாதிரிக் குவித்து உள்ளே பொலபொலவென்று விட்டு ஏமாற்றுகிறவர்களை நங்கையாவுக்கு ஆகாது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் எல்லைக் கோட்டை எங்கே போடுவார்கள், நாம் எந்தப் பக்கம் போவோம் என்று ஆண்கள் டீக்கடையில் சண்டை போட்ட வருஷங்கள் அவை. "எந்தப் பக்கம் போனாலும் குப்பை சேராம இருக்குமாக்கும்?" என்பார் நங்கையா. எனக்குக் கையெழுத்துக்கு மேல் படிப்பில்லை. ஆனால் ஒரு பிடி எருவை முகர்ந்தால் எத்தனை மாதத்தது என்று இன்றும் சொல்வேன்.

நங்கையாவுக்கு இருபத்தெட்டு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. வந்த இடமெல்லாம் குப்பைக்காரி என்று தட்டிப் போனது. வண்டியை விட்டுவிட்டால் அமையும் என்பார் என் மாமியார். வண்டியை விடச் சொல்கிற வீடு வேண்டாம் என்பார் நங்கையா. கடைசியில் எருத்தேன்பதியில் ஒரு குடியானவக் குடும்பம் வருகிறேன் என்றது. பெண் அடுப்படியை விட்டு நகராதவள் என்று நங்கையாவுக்குத் தெரியாமல் மாமியார் தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று காலை வாசலில் ஒரு குப்பைகூட இருக்கக் கூடாது என்று மாமியார் என்னை விரட்டினார். என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து அரை வண்டிச் சாம்பலோடு வந்து நின்றார். சாம்பலும் இலையும் ஒரே வண்டியில் ஏறக் கூடாது, மில் சாம்பலை மூன்று நாள் ஆறவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனாலும் ஒரு நடை மிச்சமாகுமே என்று ஆசை. மேலாகத் தொட்டுப் பார்த்தேன், பழையசோறு மாதிரி ஜில்லென்று இருந்தது. காய்ந்த இலையை எல்லாம் அதன்மேல் அள்ளிப் போட்டேன். வண்டி கிளம்புவதற்குள், சொன்ன நேரத்துக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். மாமியார் ஒரு புதுக் கோரைப் பாயைப் போட்டு வண்டியை மூடி, ஒன்றும் நடக்காதது போல் வரவேற்றார்.

"பொண்ணு வெய்யில்லயே எறங்க மாட்டாளுங்க" என்றார் என் மாமியார்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரை எடுத்தவர் நங்கையாவின் உள்ளங்கையையே பார்த்தார். "ஏனுங்க, கரண்டி புடிச்சா கை இப்படிக் காச்சுப் போகுமுங்களா?"

மாமியார் பதில் தேடுவதற்குள் பாயின் நடுவில் ஓட்டை விழுந்து தீ எட்டிப் பார்த்தது. தட்டு ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நங்கையா பாய்ந்தார். "மாட்ட அவுத்து உடு, அம்மிணி!" நான் மாடுகளை அவிழ்த்து ஓட்டியதும், நுகத்தடிக்குத் தோள் கொடுத்துத் தூக்கி வண்டியைப் பின்பக்கம் சாய்த்தார். பாரம் மொத்தமும் சரிந்தது. நான் குடத்தோடு ஓடினேன். "தண்ணி ஊத்தாத! சாம்பல் மூஞ்சிக்கு அடிக்கும். மண்ணு போடு, மண்ணு!"

யாரோ மம்பட்டியை எடுத்து மண் வெட்டிப் போட்டார்கள். "அங்க எதுக்கு? இங்க போடு! சோறு தின்னியா இல்லியா?" என்று நங்கையா திட்டினார். அந்த ஆள் சொன்ன இடத்தில் போட்டார். தீ அடங்கிய பிறகுதான் பார்த்தோம், அது மாப்பிள்ளை. வேட்டி வேட்டியாக இல்லை.

என் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் கரியோடு நங்கையா நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனார். "எங்கம்மா சொன்னது பொய்யிங்க. இந்த வண்டிய ஓட்டறது நானுங்க. கல்யாணம் ஆனாலும் உடமாட்டனுங்க. சம்மதம்னா வேற காப்பி போடச் சொல்றேன். இல்லீன்னா சொல்லிருங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

அந்த அம்மா எழுந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், ஆறிக் கிடந்த எருக்குவியலில் முழங்கை வரை கையை விட்டார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தார்.

"மூணு வருசமா யாவாரிகிட்ட வாங்கிப் போடறோம். ஒரு கண்ணாடிச் சில்லு எங்க ஏரோட்டியோட கால்ல குத்துனதில்ல. இந்த ஊட்டு எருவா அது?"

"ஆமாங்க. சில்லெல்லாம் நானும் அம்மிணியும் பொறுக்கிப் போட்டுத்தானுங்க ஏத்துவோம்."

"அப்ப வண்டியோட வா, கண்ணு" என்றார் அந்த அம்மா. மாப்பிள்ளை ஒரு வார்த்தைதான் கேட்டார்: "காப்பி வருங்களா?"

அப்புறம் முப்பது வருஷம் எருத்தேன்பதிப் பக்கத்தை நங்கையாவும் பெருமாட்டிப் பக்கத்தை நானும் பார்த்துக்கொண்டோம். இப்போது பஞ்சாயத்திலிருந்து சேலைமேல் சட்டை போட்ட பெண்கள் பிளாஸ்டிக் குப்பை வாங்க மாதம் ஒரு முறை சாக்கோடு வருகிறார்கள். மக்குகிறது வேறு, மக்காதது வேறு என்று எனக்கு விளக்கம் சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நங்கையா புகுந்த வீட்டுக்குப் போன கோலம்தான் கண்ணில் வருகிறது.

சீர் வண்டிகளில் பித்தளைப் பாத்திரம், கட்டில், மெத்தை. கடைசி வண்டியில் மிதித்து நிரப்பிய எரு, அதன்மேல் மாவிலை. வழியில் மணலில் எரு வண்டியின் சக்கரம் புதைந்தது. ஓட்டியவன் சாட்டையை ஓங்கினான். மாலையும் கழுத்துமாக நங்கையா முதல் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்து, எரு வண்டியில் ஏறி அவனிடமிருந்து கயிற்றைப் பிடுங்கினார். மாப்பிள்ளை சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். வண்டி மணலை விட்டு மேலேறிவிட்டது. ஆனால் நங்கையா இறங்கவில்லை. எரு வண்டியை ஓட்டிக்கொண்டே புகுந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். கூடி நின்ற சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ஆரத்தித் தட்டோடு நின்ற அவர் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "மொதல்ல வண்டியத் தோட்டங்காட்டுக்கு உட்டுட்டு வா, கண்ணு. மழ வராப்புல இருக்குது. ஆரத்தி எங்க போகப் போகுது?" என்றார்.