சத்தத்தைக் கூட்ட மறுத்தவள்

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் இருந்தேன். ஜெசிந்தாவின் தம்பி போனில் ஏதோ சொல்கிறான். தலைக்கு மேலே ஸ்பீக்கர் அலறுகிறது. "பாட்டைக் குறைங்கண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் ஓட்டுநர் பதறிப்போய்ப் பாட்டை அணைத்தார். பிறகுதான் காதில் விழுந்தது. "அக்கா போயிருச்சுக்கா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." பேருந்தே பார்க்க அழுதேன்.

திண்டுக்கல்லில் தன் வீட்டு உள்ளறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, என் வீணையை இத்தனை வருடமாகப் பதிவு செய்தவள் ஜெசிந்தா. இதைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே பாடியிருப்பீர்கள், அவளிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவாள். "வேர்த்தா துடைச்சுக்கலாம்டி. ஃபேன் சத்தத்த எதை வச்சுத் துடைக்க?" என்பாள். அவளும் அதே அறையின் மூலையில், காதில் ஹெட்போனோடு வியர்த்து வழிந்துகொண்டுதான் இருப்பாள்.

ஒருமுறை என் சஹானா ஆலாபனையைக் கேட்க, இசைத் தட்டு வெளியிடுபவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். "ரொம்ப மெதுவா இருக்கு மேடம். கார்ல போட்டா கேக்காது. எல்லாத்தையும் ஒரே அளவுக்குத் தூக்கிக் குடுங்க" என்றார் ஜெசிந்தாவிடம்.

"மெதுவா வாசிச்சதத் தூக்கி, ஓங்கி வாசிச்சத அமுக்குனா சத்தமாத்தான் இருக்கும். சோறு, ரசம், வெஞ்சனம் அம்புட்டையும் மிக்சியில அடிச்சுக் குடுத்தா சாப்பிடுவீகளா? கேக்கலைன்னா காரை ஓரமா நிறுத்திட்டுக் கேக்கச் சொல்லுங்க."

வாய்ப்பு கைநழுவிப் போனது. எனக்கு வருத்தம். அவளோ அன்று மத்தியானம் ஒரு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டாள்.

அன்றைக்கு அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். இன்றைக்கு அதே வாய்கள் இரங்கல் கூட்டத்தில் 'சமரசம் அறியாத கலைஞர்' என்கின்றன. செத்த பிறகு மட்டும் பெயர் மாறிவிடுமா? எனக்கு அந்தத் திமிர்பிடித்தவளே போதும்.

சென்ற மாதம் மோகனம் பதிவு செய்தோம். கடைசி மீட்டலின் நாதம் முற்றிலும் அடங்கும்வரை அறையில் யாரும் அசையக்கூடாது என்பது அவள் சட்டம். நாதம் அடங்கியது. ஆனால் பதிவை நிறுத்துவதற்கு முன்பே மூலையிலிருந்து ஒரு பெருமூச்சு. அவளுடையதுதான். "எனக்கே திட்டு விழணும்டி. நாளைக்கு வெட்டிட்டுத் தாரேன்" என்று சிரித்தாள். வெட்டவில்லை. அதற்குள் போய்விட்டாள்.

தம்பி அனுப்பிய அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, அதே சென்னைக்காரர் இப்போது எனக்குப் போன் செய்கிறார். "அவங்க நினைவா வெளியிடலாம். சத்தத்த மட்டும் தூக்கிக்கிறோம். கடைசியில ஏதோ இரைச்சல், அத எடுத்துடலாம்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் வைத்த அளவிலேயே, அந்த மூச்சோடு வந்தால் வரட்டும். இல்லையென்றால் என்னிடமே இருக்கட்டும். அவள் இருந்தால் "வெட்டித் தொலைடி" என்றுதான் சொல்வாள். இந்த ஒன்றில் அவள் பேச்சையும் நான் கேட்பதாக இல்லை. அவர் இரைச்சல் என்கிற அந்த இடத்தில்தான் என் தோழி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.