இரண்டு நாள் லீவில் அண்ணனோடு நாரணாபுரம்

சொந்த ஊருக்குப் போய்வந்ததையெல்லாம் பயணக் கட்டுரை என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டியிருக்கிறது. 2007 ஜூலையில், ஒரு வியாழனும் வெள்ளியும், மதுரைக்கு வெளியே ஒரு மனநல இல்லத்தில் இருந்த என் அண்ணன் தங்கராசுவை லீவில் வெளியே எடுத்து, சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரான நாரணாபுரத்துக்குக் கூட்டிப்போய் வந்தேன். உங்கள் வீட்டு ஆளும் இப்படி ஓர் இல்லத்தில் இருந்து, ஒரு தடவை கூட்டிப்போகலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்காகத்தான். எதற்காகப் போனேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசம் பொங்கிப் போகவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டை விற்க அவன் கையெழுத்து வேண்டியிருந்தது.

நான் இருக்கும் திருச்சியில் காலை 5.10க்குப் பஸ். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது 8.30. டிக்கெட் 44 ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இல்லத்தில் வார்டன் மேஜை டிராயரிலிருந்து லீவு படிவம் எடுத்துக் கொடுத்தார். அழைத்துப்போகிறவர் பெயர், உறவு, போகிற ஊர், திரும்பும் நேரம். 'வெள்ளி மாலை 5 மணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து மணிக்கு விட்டால்தான் நான் ராத்திரிக்குள் திருச்சி போய்ச் சேர முடியும். என் கணக்கு எனக்கு. மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள், ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று. அண்ணன் யாருடையதோ சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு தயாராக நின்றான். நாற்பத்தாறு வயது. உள்ளே போய்ப் பதிமூன்று வருஷம்.

ஏன் உள்ளே போனான் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெடிக்குழாய் உருட்டுவார்கள். கம்பியில் காகிதத்தைச் சுற்றிப் பசை தடவி உருவி, தெருவில் வெயிலில் காயப் போடுவார்கள். வெறும் காகிதக் குழாய், வெடிமருந்தெல்லாம் பிறகு பயராபீசில் வைத்துத்தான் அடைப்பார்கள். பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஒரு தீபாவளி சீசனில், தெரு எரியப்போகிறது என்று காதில் குரல் கேட்டதாகச் சொல்லி, அண்ணன் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து காய்ந்துகொண்டிருந்த குழாய் மேலெல்லாம் ஊற்றிவிட்டான். ஒரு லோடு சரக்கு கூழாகிப்போனது. இன்றைக்குத் தண்ணீர் ஊற்றியவன் நாளைக்குத் தீ வைப்பான் என்று தெரு முழுக்கப் பேச்சு. தீயை அணைக்கப் போனவனைத் தீ வைக்கிறவனாக்கினோம். பட்டாசு ஊரில் பிறந்த பயம் அப்படி. அப்பாவும் அம்மாவும் இல்லை, எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சிவகாசிக்கு மதுரையிலிருந்து நேராகவே பஸ் இருக்கிறது. நாங்கள் சாப்பாட்டுக்காக விருதுநகரில் இறங்கினோம் (ஒன்றேகால் மணி நேரம், 18 ரூபாய்). எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் அந்த ஊரைத் தாண்டுவது பாவம். சர்வர் வந்து நின்றார்.

"எத்தனை வைக்கட்டும்ணே?"

"எத்தனை குடுப்பீக?" என்றான் அண்ணன்.

"உனக்கு எத்தனை வேணும்னு கேக்காகண்ணே" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், சர்வர் முகத்தைப் பார்த்தான், ரொம்ப நேரம் கழித்து "ரெண்டு" என்றான். பதிமூன்று வருஷமாக அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டும் தீர்ந்ததும் என்னிடம் கேட்காமல், அவனே கையைத் தூக்கி இன்னொன்று வாங்கினான்.

விருதுநகர்–சிவகாசி 27 கிலோமீட்டர், 9 ரூபாய், ஐம்பது நிமிடம். சிவகாசியிலிருந்து நாரணாபுரத்துக்கு ஆட்டோவில் 40 ரூபாய் கேட்பார்கள், 30க்கு வருவார்கள். வீட்டுப் பூட்டு துருவேறித் திறக்க மாட்டேனென்றது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாக்கா வந்தார். அன்றைக்குக் கூழாகிப்போன லோடில் பாதி இவருடையது. என்ன சொல்வாரோ என்று சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"ஏலே தங்கராசு! எம்புட்டு மெலிஞ்சுபோயிட்டலே! உள்ள வா, முதல்ல காப்பியக் குடி" என்றார்.

சாயங்காலம் நான் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் அண்ணன் பாண்டியம்மாக்கா வாசலில் சம்மணம் போட்டுக் குழாய் உருட்டிக்கொண்டிருக்கிறான். முதல் பத்து கோணல். அப்புறம் கை பழகிவிட்டது. நாலரைக்குத் திடீரென்று மேகம் கறுத்தது. யாரும் சொல்லும் முன்னே எழுந்து, தெருவில் குழாய் பரப்பிக் காயவைத்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தான். கடைசித் தட்டு உள்ளே போனதும் தூறல் விழுந்தது. பாண்டியம்மாக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராணி, வீட்ட விக்காத. இவன் இங்கனயே இருக்கட்டும். ஒரு வாய்ச் சோறு எனக்குப் பாரமில்ல. வேலையும் இருக்கு."

"மாத்திரை குடுக்கணுமேக்கா."

"எங்க மாமியாருக்கு ரெண்டு வேளையும் சுகர் மாத்திரை குடுக்கேன். அதோட இதையும் குடுத்துட்டுப் போறேன். டாக்டரப் பாக்க விருதுநகருக்குப் பஸ்ஸா இல்ல?"

"பட்டாசு ஊராச்சேக்கா. ஏதாவது ஆகிப்போச்சுன்னா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்கன பயராபீசுல தீப்பிடிச்சதெல்லாம் புத்தி சரியில்லாதவனாலயா? எல்லாம் சரியா இருக்கவக வேல பாத்த எடந்தான? அன்னைக்கு நானுந்தான் இவன வஞ்சேன். பதிமூணு வருசம் உள்ள போடுற அளவுக்கா தப்புப் பண்ணான்?"

விலையெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். புத்தியில்லாதவள் நான்தான்.

சிவகாசியில் பத்திரப் பதிவு 11.20க்கு. பத்திரம் எழுதுகிறவர் 'நல்ல நினைவுடனும் முழு மனச்சம்மதத்துடனும்' என்று சத்தமாக வாசித்தார். "சம்மதம்தானா?" என்று அதிகாரி கேட்டார். "சம்மதந்தான் சார்" என்று அண்ணன் தெளிவாகச் சொல்லி, அச்சுக் கோத்த மாதிரிக் கையெழுத்துப் போட்டான். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. வீட்டை விற்க அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதென்றால், அதே வீட்டில் இருக்க மட்டும் எப்படித் தெளிவில்லாமல் போகும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைக்கவேயில்லை.

ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து 4.40க்கு இல்லத்தில் இருந்தோம். இருபது நிமிடம் முன்னதாகவே! கேட்டில் அண்ணன் நின்று, "ராணி, நாளைக்கு ஆயிரம் குழாய் உருட்டணும்னு பாண்டியம்மாக்கா சொல்லிருக்காக. நான் வரலைன்னு சொல்லிரு, தேடுவாக" என்றான். உள்ளே மணி அடித்தது. போய்விட்டான்.

கூட்டிப்போகிறவர்களுக்கு: ஒரு நாளுக்குக் கூடுதலாக மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் சிவகாசி பஸ்ஸில் சீசன் கூட்டம், பத்து மணிக்கு முன்னால் ஏறிவிடுங்கள். அவர்கள் அளவில் ஒரு புதுச்சட்டை எடுத்துப்போங்கள். எதையும் நீங்களே தீர்மானிக்காமல் கேளுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். இல்லத்தில் யாரும் அண்ணனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் அங்கே அவனைத் தேட ஒருவரும் இல்லை, மழை வந்தால் எடுத்து வைக்க ஒரு தட்டும் இல்லை. மனம் சரியில்லாதவர்களுக்கு மாத்திரை வேண்டும், டாக்டர் வேண்டும், எல்லாம் சரி. அதோடு ஒரு தெருவும் வேண்டும்.

தீபாவளி முடிந்து மறுபடி போனேன். அண்ணனை ஒரேயடியாகக் கூட்டிப்போக என்ன செய்யவேண்டும் என்று வார்டனிடம் கேட்டேன். அதே டிராயரைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். "சேர்த்தவங்க நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்மா. இத்தனை வருஷத்துல நீங்க கேட்டதே இல்லையே" என்றார். ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் ஓடினேன்.

"வாண்ணே, ஊருக்குப் போயிரலாம். இனிமே திரும்பி வரவேண்டாம்."

அவன் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தான். மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

"எங்கன போயி இருக்கது, ராணி? வீட்டத்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சே."