வடக்குச் சாலையில் ரமிலின் வீடு

எங்கள் ஊரான மோலோவில் பன்னிரண்டு கணினிகள் உள்ள ஒரு கடையை ரொவெனா தெசாலான் நடத்திவந்தாள். பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் அவள் வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

அவளும் கடைக்கு வருபவர்களும் கல் கல்லாக அடுக்கிக் கட்டும் கணினி ஆட்டம் ஒன்றில் சேர்ந்து ஓர் ஊரை உண்டாக்கினார்கள். பெயர் சான்டோல். வீடுகள் பெருகியதும் மனைத் தகராறு வந்தது. "லோலோ, நீங்கதான் ஒரு புள்ளிகூட விட மாட்டீங்க. பதிவேட்ட நீங்களே வச்சுக்கோங்க" என்று, தாத்தா முறை சொல்லி, என்னை இழுத்துவிட்டாள். யார் எப்போது உள்ளே வந்தார், எந்தக் கல்லை எடுத்தார் என்பதை ஆட்டமே குறித்துவைக்கும். அதைப் பார்த்து நான் நோட்டில் ஏற்றுவேன்.

ரொவெனா பொறியியல் கல்லூரியில் ஓராண்டோடு நின்றவள். நாற்பத்து மூன்று வயதில் கட்டக் காகிதத்தில் ஊருக்கு வரைபடம் போட்டாள். சாலை ஏழு கல் அகலம்: இரண்டு குதிரைகள் உரசாமல் போக வேண்டும், இரு ஓரமும் விளக்குக் கம்பம் நிற்க வேண்டும். உலைகள் ஆற்றின் கீழ்ப்பக்கம். சாலைக் கோட்டில் வீடு இருந்தால் வாசலில் அறிவிப்புப் பலகை. பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் ஊரே வீட்டைப் பெயர்த்துப் பின்னால் அப்படியே கட்டிக்கொடுக்கும். அப்படி மூன்று வீடுகள் நகர்ந்தன.

நான்காவது வீடு அவள் தம்பி ரமிலுடையது. ஊருக்கு வரைபடமே இல்லாத நாளில் அவன் கட்டியது. ரமில் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலைக்காரன். அம்மா இறந்தபோது பிரேசில் பக்கம் இருந்தான். தான் வரும்வரை உடலை வைத்திருக்கும்படி கேட்டான். ஒன்பதாம் நாள் ரொவெனா அடக்கம் செய்துவிட்டாள். அவன் வந்தது பதினோராம் நாள். கல்லறையில் நின்றுவிட்டு, வீட்டுக்குள் வராமலே மனைவியின் ஊரான பத்தாங்காஸுக்குப் போய்விட்டான். மூன்று ஆண்டுகளாகத் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆனால் மாதம் ஒருமுறையாவது சான்டோலில் அவன் வீட்டுக்கு வந்துபோவான். என் நோட்டைப் பார்த்துத்தான் அவன் உயிரோடிருப்பது ரொவெனாவுக்குத் தெரியும்.

வடக்குச் சாலைக்கான கூட்டத்தில் ஜெஸா மே எழுந்தாள். செவிலியர் படிப்பு படிப்பவள், ரொவெனாவை மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்; அவள் தேர்வு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில்தான் சான்டோலில் அவள் வீடு நகர்ந்தது.

"எங்க வீடுன்னா சாலை நேரா போகும். உங்க தம்பி வீடுன்னா சாலைக்கு இடுப்பு வலிக்குமா, மனாங்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜெஸாவே சொன்னாள்: "சும்மா சொன்னேன். ரெண்டு கல்லு வளைச்சுப் போடுங்க. யாரு அளக்கப்போறா? லோலோவத் தவிர."

"வளைக்க வேணாம். பலகை வைப்போம்."

"வச்சா?"

"பதில் சொல்லித்தானே ஆகணும் அவன்?" என்றாள் ரொவெனா.

அவளுக்கு வேண்டியது சாலை இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

பலகை வாசகத்தை ஐந்து முறை அழித்து எழுதினாள். ஒன்றில் அம்மாவைப் பற்றி இருந்தது. கடைசியில் நின்றது இது: "ரமில், சாலை உன் வீட்டின் மேல் வருகிறது. சம்மதமா? பதில் எழுது."

பலகை வைத்த ஒன்பதாம் நாள், பிற்பகல் இரண்டு பத்துக்கு ரமிலின் பெயர் திரையில் வந்தது. ரொவெனா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து உட்கார்ந்தாள். ஆட்டத்தில் தன் உருவத்தை அவன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சாப்டியாடா?" என்று விசைப்பலகையில் தட்டினாள்.

அவன் பலகை முன் சற்று நேரம் நின்றான். பிறகு ஏறிக் கூரையைப் பிரிக்கத் தொடங்கினான்.

"நீ பிரிக்க வேணாம். நாங்களே நகர்த்தித் தர்றோம்."

சுவர் இறங்கியது.

"ரமில், சாலைய வளைச்சுடறேன். விடு."

கடையில் யாரும் விளையாடவில்லை. "நீங்க எழுதறது அவருக்குத் திரையில தெரியலையோ, மனாங்?" என்றாள் ஜெஸா மெதுவாக.

"தெரியுது" என்றாள் ரொவெனா.

தரையையும் பெயர்த்தான். பள்ளத்தை மண் போட்டு நிரப்பி, அக்கம்பக்கத்து நிலத்தோடு மட்டமாக்கினான். இரண்டு முப்பத்தாறுக்குப் பெயர் மறைந்தது.

சாலை அந்த மாதமே நேராகப் போனது. இன்று அதன் இருபுறமும் பத்தொன்பது வீடுகள்.

தினமும் கடை திறந்ததும் ரொவெனா என்னிடம் கேட்பாள்: "வந்தானா, லோலோ?"

"இல்லம்மா."

அவன் பெயருக்கு அதற்குப்பின் ஒரு வரியும் நான் எழுதவில்லை. எந்தக் கடலில் இருக்கிறான், இருக்கிறானா என்று அறிய அவளுக்கு இப்போது வேறு இடமில்லை.